பார்வைக்கோட்டுக்குக் குறுக்கே



விண்ணில் ஓடும் ஒரு கலம் எங்கே இருக்கிறது என்று தரையிலிருந்து அறிய மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு தொலைவில் இருக்கிறது? எவ்வளவு வேகமாக நெருங்குகிறது அல்லது விலகுகிறது? எந்தத் திசையில் இருக்கிறது? முதல் இரண்டுக்கும் ஒரே ஆன்டெனா போதும். ஒரு குறிப்பலையை அனுப்பி, கலம் அதைத் திருப்பியனுப்ப ஆன நேரத்தை அளந்தால் தொலைவு சில மீட்டர் துல்லியத்தில் கிடைத்துவிடும். திரும்பி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால், அதாவது டாப்ளர் விளைவை அளந்தால், வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிழையோடு கிடைக்கும். இப்படிப்பட்ட எண்களைக் கையில் வைத்திருப்பவருக்கு மூன்றாவது கேள்வி அவ்வளவு அவசரமாகத் தோன்றாது. ஆனால் தொலைவு, டாப்ளர் வேகம் இரண்டும் ஆன்டெனாவிலிருந்து கலத்துக்குப் போகும் பார்வைக்கோட்டின் மேலேயே கிடக்கும் அளவுகள். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே கலம் எங்கே நிற்கிறது என்பதை அவை நேரடியாகச் சொல்வதில்லை. சுற்றுப்பாதைக் கணக்கின் வழியாக நாம்தான் ஊகித்துக்கொள்கிறோம். குறுக்குத் திசையை நேரடியாக அளக்கும் கருவி ரேடியோ குறுக்கீட்டுமானி. விண்வெளி யுகம் தொடங்கியபோது முன்வரிசையில் நின்ற இந்தக் கருவி பிறகு பின்வரிசைக்குப் போனது. அது ஓரளவுக்கே நியாயம் என்பதும், ஊகத்தை அளவென்று எடுத்துக்கொண்ட இடத்தில் விலை மிகப் பெரிதாக இருந்தது என்பதும் நான் இங்கே வைக்கும் வாதம்.

கருவியின் அடிப்படை எளியது. இரண்டு ஆன்டெனாக்களைச் சில பத்து மீட்டர் முதல் பல ஆயிரம் கிலோமீட்டர் வரை இடைவெளி விட்டு நிறுத்துகிறோம். இந்த இடைவெளிக்கு அடிக்கோடு என்று பெயர். கலம் நேர் உச்சியில் இருந்தால் அதன் அலை இரண்டையும் ஒரே கணத்தில் வந்தடையும். சற்றே சாய்ந்திருந்தால் ஒன்றை முந்தியும் மற்றதைப் பிந்தியும் சேரும். அந்தப் பாதை வேறுபாட்டை அலைக்கட்டத்தின் வேறுபாடாகவோ நேர வேறுபாடாகவோ அளந்து அடிக்கோட்டின் நீளத்தால் வகுத்தால் கோணம் கிடைக்கிறது. அடிக்கோடு நீள நீளத் துல்லியம் கூடும். கூடவே ஒரு சிக்கலும் வளரும்: கட்டம் ஒரு முழுச் சுற்று முடிந்ததும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், எத்தனை முழு அலைகள் இடையில் கடந்தன என்பது தெரியாமல் போய்விடும். அதைத் தெளிவாக்க நீண்ட கோட்டோடு குட்டையான சில கோடுகளையும் வைக்க வேண்டும்.

இதை நடைமுறையில் செய்துகாட்டியது அமெரிக்கக் கடற்படை ஆய்வகம். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டுக்காக வான்கார்டு செயற்கைக்கோளைத் திட்டமிட்டபோது, பறப்பதைக் கண்டுபிடித்துத் தொடர மினிட்ராக் என்ற அமைப்பை அவர்கள் உருவாக்கினார்கள். அதிர்வெண் 108 மெகாஹெர்ட்ஸ், அதாவது 2.8 மீட்டர் அலைநீளம். நீண்ட அடிக்கோடு ஏறக்குறைய 150 மீட்டர். மேரிலாந்திலிருந்து கியூபா, ஈக்வடார், பெரு வழியாகச் சிலி வரை, 75ஆம் மேற்கு நெடுங்கோட்டை ஒட்டி நிலையங்களை வரிசையாக நிறுத்தினார்கள். கிழக்கு நோக்கிப் பறக்கும் எதுவும் இந்த வேலியைத் தாண்டாமல் போக முடியாது. இலக்கு 20 விநாடிக்கோணத் துல்லியம். ஒரு பாகையில் 3,600 விநாடிக்கோணங்கள் உண்டு என்பதை நினைவில் கொண்டால் அந்தக் காலத்துக்கு அது சின்ன ஆசை இல்லை. ஒவ்வொரு நிலையத்தையும் திருத்திச் சரிபார்த்த முறை எனக்கு இன்றும் அழகாகத் தோன்றுகிறது. ரேடியோ பரப்பியும் மின்னும் விளக்கும் பொருத்திய விமானத்தை இரவில் நிலையத்தின் மேலே பறக்கவிட்டு, விளக்கை விண்மீன்களின் பின்னணியில் படம் எடுத்தார்கள். ரேடியோ சொன்ன கோணத்தை விண்மீன்கள் சொன்ன கோணத்தோடு ஒப்பிட்டுக் கருவியின் பிழையைத் திருத்தினார்கள். தெரிந்த ஒரு விண்பொருளோடு ஒப்பிட்டு அளப்பது என்ற இந்த எண்ணம் பின்னால் வேறு உருவில் மறுபடி வரும்.

1957 அக்டோபர் 4 அன்று முதலில் பறந்தது வான்கார்டு இல்லை. ஸ்புட்னிக் 20, 40 மெகாஹெர்ட்ஸ்களில் பேசியது; மினிட்ராக்கின் காதோ 108இல் இருந்தது. சில நிலையங்களை அவசரமாக 40க்கு மாற்றி அதைத் தொடர்ந்தார்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரைல் குழுவினர், ரேடியோ வானியலுக்கு வைத்திருந்த குறுக்கீட்டுமானியைக் கொண்டு அதே ஸ்புட்னிக்கின் சுற்றுப்பாதையைக் கணித்து வெளியிட்டார்கள். அந்தக் கலத்தை ஏவியவர்களின் அனுமதியோ உதவியோ இதற்குத் தேவைப்படவில்லை. பிறகு 1958 மார்ச் 17இல் ஏறிய வான்கார்டு-1, ஒன்றரைக் கிலோகிராம்கூட எடையில்லாத ஒரு பந்து, மினிட்ராக்குக்கு உண்மையான வேலையைக் கொடுத்தது. அதன் பாதையை மாதக்கணக்கில் தொடர்ந்த அளவுகளிலிருந்து ஜான் ஓ'கீஃபும் அவருடைய சகாக்களும் 1959இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பூமியின் வடிவம் வடக்கிலும் தெற்கிலும் ஒரே மாதிரி இல்லை, வட துருவப் பக்கம் சுமார் 15 மீட்டர் உயர்ந்து, தென் துருவப் பக்கம் அதே அளவு தாழ்ந்து, லேசான பேரிக்காய்ச் சாயல் கொண்டது. ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் 20 விநாடிக்கோணம் என்பது 100 மீட்டர். அவ்வளவு பிழையுள்ள அளவுகளிலிருந்து 15 மீட்டர் உண்மை வெளிவந்தது எப்படி? சுற்றுப்பாதை ஒரு சேமிப்பு. புவியீர்ப்பின் சிறு கோணலும் நாள்தோறும் சேர்ந்து, பாதையின் தாழ்புள்ளி உயரத்தில் கிலோமீட்டர் கணக்கில் தெரியும்.

இவ்வளவு நல்ல கருவி ஏன் ஒதுங்கியது? ஸ்புட்னிக் பறந்த அதே வாரங்களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையரும் ஜார்ஜ் வைஃபன்பாக்கும் ஒரே ஆன்டெனாவில் டாப்ளர் வளைகோட்டை மட்டும் பதிவுசெய்து, அதிலிருந்தே முழுச் சுற்றுப்பாதையையும் பிரித்தெடுத்தார்கள். அடிக்கோடு வேண்டாம், விமானம் வேண்டாம், வரிசையாக நிலையங்கள் வேண்டாம். இதைத் தலைகீழாகத் திருப்பியதில்தான் டிரான்சிட் வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் பிறந்தன. இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள் பத்துப் பதினைந்து நிமிடங்களில் அடிவானத்திலிருந்து அடிவானத்துக்குப் போய்விடும். அதற்குள் பார்வைக்கோடே வானம் முழுதும் சுழன்றுவிடுகிறது. சற்று முன் குறுக்காக இருந்த திசை இப்போது நேராகிவிடுகிறது. டாப்ளருக்கு அந்தச் சுழற்சிதான் மூலதனம். அங்கே குறுக்கீட்டுமானி ஆடம்பரம்.

அந்த மூலதனம் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. செவ்வாயை நோக்கிப் போகும் கலத்தின் பார்வைக்கோடு ஒரு நாள் முழுதும் வானத்தில் அசைவதே இல்லை என்று சொல்லலாம். அங்கே டாப்ளர் நம்பியிருப்பது பூமியின் சுழற்சியை. நிலநடுக்கோட்டில் நொடிக்கு 465 மீட்டர் வேகத்தில் தரை ஓடுவதால், கலத்தின் வேகத்தின் மீது நாளொன்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஓர் அலை படிகிறது. அந்த அலை எந்த நேரத்தில் பூஜ்யத்தைத் தாண்டுகிறது என்பதிலிருந்து கிழக்கு-மேற்கு திசையும், அதன் உயரத்திலிருந்து வடக்கு-தெற்கு திசையும் தெரியவரும். சாமர்த்தியமான வழிதான். ஆனால் கலம் வான நடுக்கோட்டுக்கு அருகே இருக்கும்போது, வடக்கிலோ தெற்கிலோ ஒரு பாகை விலகினாலும் அலையின் உயரம் 0.015 சதவீதமே மாறும். நடுக்கோட்டிலிருந்து 24 பாகை தள்ளியிருந்தால் அதே ஒரு பாகை ஏறக்குறைய ஐம்பது மடங்கு மாற்றத்தைக் காட்டும். அதாவது துல்லியம் கருவியைவிடக் கலம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையே சார்ந்திருக்கிறது. அத்தோடு இந்த முறை பலன் தர, பல நாட்களின், பல வாரங்களின் பதிவுகளை ஒரே பாதையாகக் கோக்க வேண்டும். கோக்கும் நூல், கலத்தின் மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்ற நம்முடைய கணக்கு. நூல் பிசகினால்?

பிசகியது. மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1998 டிசம்பர் 11இல் புறப்பட்டது. அதன் சூரியத்தகடு ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டிருந்ததால் சூரிய ஒளியின் அழுத்தம் கலத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தது. அதை ஈடுகட்டும் சக்கரங்களின் சுழற்சியைக் குறைக்கச் சிறு உந்துகலன்களை எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகச் சுட வேண்டியிருந்தது. ஒவ்வொரு சூட்டின் விளைவையும் தரையிலிருந்த மென்பொருள் பவுண்டு அலகில் எழுதியது, அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் அலகாகப் படித்தது, 4.45 மடங்கு பிழை. அலகுக் குழப்பத்துக்கு எச்சரிக்கையாக இந்தக் கதையைப் பள்ளிகளில்கூடச் சொல்கிறார்கள். அதன் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. கலம் ஒன்பது மாதங்களுக்கு மேல் பறந்தது, அத்தனை நாளும் டாப்ளரும் தொலைவும் அளக்கப்பட்டன; பிழை ஏன் பளிச்சென்று தெரியவில்லை? சிறு உந்துதல்கள் பெரும்பாலும் பூமியை நோக்கிய கோட்டுக்குக் குறுக்கே விழுந்தன. டாப்ளர் காணாத திசையில் கலம் விலகிக்கொண்டிருந்தது. கடைசித் திருத்தத்துக்குப் பிறகு செவ்வாய்ப் பரப்புக்கு 226 கிலோமீட்டர் மேலே வர வேண்டியது 150-170இல் வரும் என்று கணக்கு இறங்கியது, கடைசி நாளில் 110 ஆயிற்று. 80க்குக் கீழே போனால் கலம் தாங்காது. 1999 செப்டம்பர் 23 அன்று அது வந்தது 57 கிலோமீட்டரில் என்று பிறகு கணித்தார்கள். செவ்வாயின் ஈர்ப்பு பாதையை வளைக்கத் தொடங்கிய பிறகே, அதாவது பார்வைக்கோட்டிலும் மாற்றம் தெரியத் தொடங்கிய பிறகே, எண்கள் கீழே ஓடின என்பதைக் கவனியுங்கள்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்பு வலுவானது: குற்றம் அலகில், அதைச் சரிபார்க்காத நிர்வாகத்தில், மென்பொருளைத் திருத்துங்கள், புதிய கருவி எதற்கு? மென்பொருளைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட பிழையைத் திருத்துவது அடுத்த பிழையிலிருந்து காப்பாற்றாது. அடுத்தது வேறு பெயரில் வரும். தொலைவு அளவு ஒரு சாட்சி, டாப்ளர் இன்னொரு சாட்சி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். குறுக்குத் திசையைப் பொறுத்தவரை இரண்டுமே விசைக் கணக்கிடம் கேட்டுத்தான் பேசுகின்றன. ஒருவர் சொன்னதைக் கேட்ட இருவர் வந்து சாட்சி சொன்னால் அது இரண்டு சாட்சியாகாது. குறுக்கீட்டுமானி யாரிடமும் கேட்பதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூமியிலிருந்து 20 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் 170 கிலோமீட்டர் விலகல், 8,000 கிலோமீட்டர் அடிக்கோட்டின் இரு முனைகளுக்கும் இடையே ஏழு மீட்டர் பாதை வேறுபாட்டை உண்டாக்கும்; நேரத்தில் 20 நானோநொடிக்கு மேல். விலகலில் பத்தில் ஒரு பங்கே பூமியின் பார்வைக்குக் குறுக்காக இருந்திருந்தாலும் 2 நானோநொடி மிஞ்சும். ஒரு நானோநொடியின் சிறு பகுதியையும் அளக்கும் திறன் அன்றைக்கே கைவசம் இருந்தது. வாயேஜர் காலத்திலேயே பயன்பட்ட முறை. 1990களின் பிற்பகுதியில் செவ்வாய்க் கலங்களுக்கு அது வழக்கத்தில் இல்லை. இரண்டு கண்டங்களில் இரண்டு பெரிய ஆன்டெனாக்களை ஒரே நேரத்தில் ஒரே கலத்துக்கு ஒதுக்க வேண்டும். செலவு, நேரம், ஏற்பாடு எல்லாம் கூடும். சிக்கனம் அந்த முடிவை எடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

அந்த முறைக்கு டெல்டா-டிஓஆர் என்று பெயர். கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று நிலையங்களில் இரண்டு ஒரே நேரத்தில் கலத்தைக் கேட்கும். கலம் அனுப்பும் குறிப்பலைகள் இரண்டிலும் சேர்ந்த நேர வேறுபாட்டை அளந்த கையோடு, ஆன்டெனாவை வானத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு குவேசாரை நோக்கித் திருப்புவார்கள். பல நூறு கோடி ஒளியாண்டுகள் தொலைவில் இருப்பதால் குவேசார் நமக்கு நகர்வதாகவே தெரியாது; அதன் இடம் மிகத் துல்லியமாகத் தெரியும். 1998 முதல் வானத்தின் ஆயத்தொலைகளையே இத்தகைய 212 ரேடியோ மூலங்களை வைத்து வரையறுத்தார்கள். கலத்தின் நேர வேறுபாட்டிலிருந்து குவேசாரின் நேர வேறுபாட்டைக் கழித்தால், இரண்டுக்கும் பொதுவான கடிகாரப் பிழை, வளிமண்டலத் தாமதம், கருவித் தாமதம் பெரும்பாலும் காணாமல் போகின்றன. மினிட்ராக் விமானத்தையும் விண்மீனையும் சேர்த்துப் படமெடுத்தது இங்கே ரேடியோவாகவே வந்துவிட்டது. 1999 தோல்விக்குப் பிறகு, 2001இல் மார்ஸ் ஒடிசிக்கு இந்த முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 300 கிலோமீட்டர் உயரத்தைக் குறிவைத்த அந்தக் கலம் ஒரு கிலோமீட்டர் பிழைக்குள் செவ்வாயைச் சேர்ந்தது. ஒடிசியின் வெற்றி முழுவதையும் குறுக்கீட்டுமானியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது, நிர்வாகமும் மாறியிருந்தது. ஆனால் அதன் பின் டெல்டா-டிஓஆர் இல்லாமல் செவ்வாய்க்குப் போக யாரும் துணிவதில்லை என்பது தனிச் சாட்சி. 2014இல் செவ்வாயை அடைந்த மங்கள்யானுக்கும் நாசாவின் நிலையங்கள் இந்த அளவுகளைத் தந்து உதவின.

பூமிக்குப் பக்கத்தில் வந்தால் வேறோர் ஆட்சேபம் காத்திருக்கிறது: இது மிக நொய்மையான கருவி. புவிநிலைச் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். அது நம் வானத்தில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்பதால் டாப்ளர் ஏறக்குறைய ஊமை. ஒரே நிலையத்திலிருந்து தொலைவை மட்டும் அளந்தால் அது கிழக்கிலா மேற்கிலா விலகியிருக்கிறது என்பது மங்கலாகவே தெரியும். 50 மீட்டர் அடிக்கோட்டில், 2.5 சென்டிமீட்டர் அலைநீளத்தில், ஒரு முழுக் கட்டச் சுற்று அங்கே 18 கிலோமீட்டருக்குச் சமம். கட்டத்தில் நூறில் ஒரு பங்கை அளந்தால் 180 மீட்டர். தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 50 மீட்டர் செம்புக் கம்பி ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் 0.85 மில்லிமீட்டர் நீள்கிறது. அந்த நீட்சி மட்டுமே செயற்கைக்கோளை 600 மீட்டர் தள்ளிக் காட்டும். மதிய வெயிலுக்குச் செயற்கைக்கோள் கிழக்கே போய், மாலையில் திரும்பி வரும்! ஆட்சேபம் உண்மை. விடையும் மேலே சொன்னதுதான்: தனியாக அளக்காதே, ஒப்பிட்டு அள. 83 பாகை கிழக்கில் இன்சாட்-2இ, இன்சாட்-3பி இருந்த இடத்திலேயே 2005இல் ஏவிய இன்சாட்-4ஏயும் நிறுத்தப்பட்டது. இப்படி ஒரே இடத்தில் பல கலங்களை நிறுத்துவது உலகெங்கும் வழக்கம். ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு என்பது அந்த உயரத்தில் 74 கிலோமீட்டர்தான். அங்கே முதன்மையான கேள்வி ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்குகின்றன என்பது. இரண்டும் ஒரே ஆன்டெனாக் கற்றைக்குள் இருப்பதால், ஒரே கம்பி, ஒரே வெயில், ஒரே மேகம்; இரண்டின் கட்டத்தையும் கழித்தால் அவை எல்லாம் கழிந்துபோகும். ஜப்பானின் ககுயா 2007இல் நிலவைச் சுற்றியபோது அதன் இரண்டு சிறு துணைக்கோள்களை ஒரே கற்றையில் வைத்து இப்படித்தான் அளந்தார்கள்.

ஜிபிஎஸ் வந்துவிட்டதே என்பது இன்று அதிகம் கேட்கும் மறுப்பு. கலத்திலேயே ஒரு வாங்கியைப் பொருத்தினால் அது தன் இடத்தைத் தானே மீட்டர் கணக்கில் சொல்லிவிடும். 2025 மார்ச்சில் நிலவின் தரையில் இறங்கிய ப்ளூ கோஸ்ட் கலத்தின் வாங்கி அங்கிருந்தே ஜிபிஎஸ், கலிலியோ குறிகளைப் பிடித்து இடத்தைக் கணித்துவிட்டது. இந்த எல்லை இன்னும் விரியும் என்பதில் ஐயமில்லை. என்றாலும் கலம் சொல்வதும் நாம் அளப்பதும் ஒன்றல்ல. வாங்கி பழுதானால், கலம் செயலிழந்தால், அல்லது கலத்தின் உரிமையாளர் இடத்தை வெளியே சொல்ல விரும்பாவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் குறுக்கீட்டுமானிக்கு அதனால் நட்டமில்லை. கலம் எந்தக் காரணத்துக்காகவாவது ஏதாவது ஒரு அலையை அனுப்பினால் போதும். அலையே அனுப்பாத கலத்தை என்ன செய்வது என்றால், அதற்கும் ஒரு வழி இருந்தது. மினிட்ராக்கில் பணிபுரிந்த ரோஜர் ஈஸ்டன் அதே கடற்படை ஆய்வகத்தில், தரையிலிருந்து வானை நோக்கி ரேடியோ விசிறி ஒன்றை எழுப்பி, அதைத் தாண்டும் பொருள்களின் எதிரொலியைக் குறுக்கீட்டுமானியால் அளக்கும் வேலியை அமைத்தார். அமெரிக்காவின் 33ஆம் வடக்கு அகலாங்கை ஒட்டி, டெக்சாஸின் லேக் கிக்காபூவை முதன்மைப் பரப்பியாகக் கொண்ட அந்த வேலி 2013 வரை இயங்கியது. சிறு துண்டுகளைக் காண்பதில் இன்றைய ரேடார்கள் அதைவிடக் கூர்மையானவை. அந்த வேலையை அவற்றுக்கு விட்டுவிடலாம்.

கடைசியாக, இது பணக்கார நாடுகளின் விளையாட்டு, கண்டம் தாண்டிய நிலையங்கள் இல்லாதவர்களுக்குப் பயனில்லை என்ற கருத்து. சீனா இதற்கு நல்ல விடை. 2007இல் சாங்'இ-1 நிலவுக்குப் போனபோது, ஷாங்காய், உரும்சி, பெய்ஜிங், குன்மிங் ஆகிய நான்கு இடங்களின் ரேடியோ வானியல் ஆன்டெனாக்களை இணைத்து உள்நாட்டு அடிக்கோடுகளால் சுற்றுப்பாதையைக் கணித்தார்கள். மிக நீண்ட கோடு ஷாங்காயிலிருந்து உரும்சி வரை, சுமார் 3,200 கிலோமீட்டர். அந்தக் கோட்டில் ஒரு நானோநொடிப் பிழை நிலவின் தொலைவில் 36 மீட்டராகிறது. நம் பக்கம் பார்த்தால், பெங்களூருக்கு அருகே விண்கலத் தொடர்பு நிலையம் உள்ள பைலாலுவிலிருந்து குவாஹாட்டி ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர், அந்தமான் 1,600க்கு மேல். அந்தமானிலிருந்து குவாஹாட்டி வடக்காக அதே அளவு. கிழக்கு-மேற்காக ஒன்று, வடக்கு-தெற்காக ஒன்று, சாய்வாக ஒன்று என்று மூன்று கோடுகள் கொண்ட முக்கோணம். 2,000 கிலோமீட்டர் கோட்டில் ஒரு நானோநொடி நிலவில் 60 மீட்டருக்குள் அடங்கும். நிலவுப் பயணங்களுக்கு இது தாராளம். செவ்வாயின் தொலைவில் அதே பிழை 30 கிலோமீட்டராகிவிடுவதால் அங்கே வெளிநாட்டு நிலையங்களின் துணை தேவை. பைலாலுவில் இப்போது 18 மீட்டர், 32 மீட்டர் ஆன்டெனாக்கள் அருகருகே நிற்கின்றன. கட்டளை அனுப்பவும் தரவு வாங்கவும் அது நல்ல ஏற்பாடு. நிலவை நோக்கிக் குறுக்கே அளக்க வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று வங்கக்கடலுக்கு அப்பால் நிற்க வேண்டும்.